"பதில் அனுப்ப வேண்டாம்" என்ற முகவரிக்கு ஒரு பதில்

எங்கள் வங்கியின் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

2025 அக்டோபர் 27 அன்று உங்கள் குறைதீர்ப்புப் பிரிவிலிருந்து என் அப்பாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் ஆறே வரி. வாடிக்கையாளர் தன் ரகசிய விவரங்களைத் தானே கொடுத்துவிட்டதால் இழப்புக்கு வங்கி பொறுப்பல்ல, புகார் முடித்து வைக்கப்பட்டது என்பதுதான் அதன் சாரம். அடியில் வழக்கமான குறிப்பு: இது கண்காணிக்கப்படாத முகவரி, இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம். செப்டம்பர் 16 அன்று ஒரு போலி மின்னஞ்சலால் அவர் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தபோது அப்பா அவசரமாக அனுப்பிய பதிலும் இப்படிப்பட்ட ஒரு முகவரிக்குள்தான் விழுந்து காணாமல் போனது. இன்னொரு பதிலையும் அங்கே போட எனக்கு மனமில்லை. அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. தபால்காரராகச் சேர்ந்து சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். 38 வருட சர்வீஸ். ஓய்வூதியம் உங்கள் வங்கிக்குத்தான் வருகிறது. நான் பட்டுக்கோட்டை பக்கம் ஒரு இ-சேவை மையம் நடத்துகிறேன். வருமானச் சான்று, பட்டா, முதியோர் ஓய்வூதியம் என்று தினமும் அறுபது எழுபது பேர் வருகிற இடம். போலி மின்னஞ்சல், போலி குறுஞ்செய்தி எல்லாம் என் கவுன்ட்டருக்கு வராத நாள் கிடையாது. அப்படிப்பட்ட என் வீட்டிலேயே இது நடந்தது.

நடந்ததை நேர வரிசையில் சொல்கிறேன். இந்த நேரங்கள் எல்லாம் உங்கள் பதிவேட்டிலும் இருக்கின்றன.

செப்டம்பர் 4 அன்று உங்கள் வங்கியே அப்பாவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரங்கள்) புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்குகிறது, செய்யாவிட்டால் கணக்கில் வரவு செலவு கட்டுப்படுத்தப்படலாம், கீழே உள்ள பொத்தானை அழுத்துங்கள் என்று. அது அசல். பிறகு கிளையில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அன்றைக்கு அப்பாவுக்குக் கண் புரை சோதனை இருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். ஆனால் மனதில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பென்ஷன் நின்றுவிடுமோ என்ற பயம் ஓய்வு பெற்றவர்களுக்கு எப்படிப்பட்டது என்று உங்கள் கிளைகளில் நவம்பர் மாதம் உயிர்வாழ்வுச் சான்றுக்காக நிற்கும் வரிசையைப் பார்த்தால் தெரியும்.

செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை காலை. "கேஒய்சி இறுதி அறிவிப்பு" என்று இன்னொரு மின்னஞ்சல். உங்கள் சின்னம், உங்கள் நிறம், உங்கள் வாசகம். 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும் என்றிருந்தது. பொத்தான் அதே இடத்தில், அதே நீலத்தில். அழுத்தியதும் உங்கள் நெட் பேங்கிங் பக்கத்தை உரித்து வைத்த மாதிரி ஒரு பக்கம். பயனர் பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, பரிவர்த்தனைக்கான கடவுச்சொல்லையும் கேட்டது. பிறகு ஓடிபி. "தவறான எண், மறுபடியும் முயலவும்" என்று சொல்லி இரண்டாவது ஓடிபி. முதலாவது உள்ளே நுழைவதற்கு, இரண்டாவது புதிய பெறுநர் ஒருவரைச் சேர்ப்பதற்கு. அப்பாவுக்கு அது தெரியாது. கேஒய்சிக்காகக் கேட்கிறார்கள் என்றே நினைத்தார்.

10:44-க்கு ₹49,500 போனது. 10:45-க்கு உங்கள் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. அப்பா பதறிப்போய், அந்த மின்னஞ்சலுக்கே 10:47-க்குப் பதில் அனுப்பினார். "இந்தப் பணத்தை நான் அனுப்பவில்லை. உடனே நிறுத்தவும்." கணக்கு எண்ணையும் எழுதியிருக்கிறார். கை நடுங்கியபடி தட்டியது, எழுத்துப் பிழைகளோடு இருக்கிறது. 10:48-க்கு உங்கள் தானியங்கிப் பதில் வந்தது: கண்காணிக்கப்படாத முகவரி.

10:51-க்கு இன்னொரு ₹49,500. 10:56-க்கு ₹63,000. ஆக மொத்தம் ₹1,62,000.

10:58-க்கு உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தார். மொழியைத் தேர்ந்தெடு, சேவையைத் தேர்ந்தெடு என்று போய், நடுவில் தனிநபர் கடன் வேண்டுமா என்றும் கேட்டு, ஒரு மனிதக் குரல் கேட்கும்போது 11:29. இதற்கிடையில் 11:05-க்கு வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கவுன்ட்டரில் ஆள் நிற்க நிற்க 11:12-க்கு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்தேன். உடனே எடுத்தார்கள். விவரம் வாங்கிக்கொண்டார்கள், புகார் எண் கொடுத்தார்கள். அவர்கள் எடுத்த நடவடிக்கையால்தான் ₹38,000 பெறுநர் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மீதி அதற்குள் ஏடிஎம் வழியாகவும் வேறு கணக்குகளுக்கும் போய்விட்டது. அந்தப் பெறுநர் கணக்கு எங்கே இருந்தது என்று போலீஸ் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேறு மாநிலத்தில், உங்கள் வங்கியிலேயே. அப்பா உங்கள் தொலைபேசி இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்த அதே அரை மணி நேரத்தில், உங்கள் ஏடிஎம்மிலிருந்தே அவருடைய பணத்தை எண்ணி எடுத்திருக்கிறார்கள்.

சரி, அப்பா ஓடிபி கொடுத்தது தவறுதான். அதை நானும் மறுக்கவில்லை, அவரும் மறுக்கவில்லை. "முதல்ல போன பணம் என் தப்பும்மா, அதைக் கேக்காதே" என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் அவர் ஏன் ஏமாந்தார் என்று உங்கள் ஆறு வரியில் ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆகஸ்ட் மாதம் அவருக்கு அஞ்சல் துறை பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் பார்சலுக்கு முகவரி சரியில்லை, 25 ரூபாய் கட்டினால் மறுபடியும் கொண்டுவருவோம் என்று. அப்பா ஒரு பார்வை பார்த்தார், தள்ளிவிட்டார். "முகவரி கிடைக்கலன்னா தபால்காரர் உறை மேல காரணம் எழுதித் திருப்பி அனுப்புவார். லிங்க் அனுப்பிக் காசு கேக்கிற பழக்கம் எங்க டிபார்ட்மென்ட்ல கிடையாது" என்றார். அதிலிருந்த பார்சல் எண்ணையும் காட்டினார். ஸ்பீடு போஸ்ட் எண் என்றால் முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ஐ, என் என்ற இரண்டு எழுத்து. மொத்தம் 13. இதில் 11 தான் இருந்தது. கண்ணாடி போடாமலே கண்டுபிடித்தார்.

அஞ்சல் துறை பெயரில் வந்த பொய்யை ஒரு நிமிடத்தில் பிடித்த மனிதர், உங்கள் பெயரில் வந்த பொய்யைப் பிடிக்கவில்லை. ஏனென்றால் அஞ்சல் துறை எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பது உங்கள் வாடிக்கையாளர் யாருக்குமே தெரியாது. போலியை அடையாளம் காண வேண்டுமென்றால் அசலுக்கு ஒரு நிலையான முகம் இருக்க வேண்டும். உங்கள் அசல் மின்னஞ்சல்கள் போலியைப் போலவே இருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அப்பாவின் அஞ்சல் பெட்டியைப் பார்த்தேன். 2025-இல் நீங்கள் அனுப்பியவை நான்கு வெவ்வேறு முகவரிகளிலிருந்து வந்திருக்கின்றன. கணக்கு அறிக்கைக்கு ஒன்று, எச்சரிக்கைக்கு ஒன்று, கடன் விளம்பரத்துக்கு இரண்டு. செப்டம்பர் 4 அன்று வந்த அசல் கேஒய்சி மின்னஞ்சலின் பொத்தானை அழுத்தாமல், அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தேன். உங்கள் இணையதளத்துக்குப் போகவில்லை. மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பித் தரும் ஏதோ ஒரு நிறுவனத்தின் முகவரிக்குப் போகிறது. யார் எப்போது அழுத்தினார்கள் என்று கணக்கெடுப்பதற்காக இருக்கலாம். ஆனால் "வங்கியின் முகவரியா என்று பார்த்து அழுத்துங்கள்" என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நீங்கள், உங்கள் பொத்தானில் உங்கள் முகவரியை வைக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிளையில் இருந்த ஒரு இளம் அதிகாரியிடம் எது போலி என்று கேட்டேன். அவர் தவறாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மரியாதையாகப் பேசினார், தண்ணீர் கொடுத்தார். உங்கள் ஊழியருக்கே தெரியாததை 71 வயதுக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எழுதுகிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

மாதா மாதம் கணக்கு அறிக்கையை இணைப்பாக அனுப்புகிறீர்கள். திறக்கப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும் போட வேண்டும். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திற, உன் சொந்த விவரத்தைத் தட்டு என்று பல வருடங்களாகப் பழக்கியிருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தில்தான் திருடன் வந்து உட்காருகிறான்.

உங்கள் கிளைச் சுவரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையையும் படித்தேன். "எழுத்துப் பிழைகள் இருந்தால் சந்தேகப்படுங்கள்" என்கிறது. அப்பா தமிழ் வழியில் படித்தவர். ஆங்கிலம் புரியும், ஆனால் ஆங்கிலத்தில் பிழை கண்டுபிடிக்கிற அளவுக்கு அல்ல. இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதும் போலிகளில் பிழையே இருப்பதில்லை, அப்பாவுக்கு வந்ததிலும் இல்லை. "பூட்டு அடையாளம் இருக்கிறதா பாருங்கள்" என்கிறது. அந்தப் பூட்டு சொல்வதெல்லாம் உங்கள் செல்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் செய்தியை வேறு யாரும் படிக்க முடியாது என்பதைத்தான். தளம் நடத்துபவன் நல்லவனா என்று அது சொல்லாது. திருடனும் தன் கடைக்குப் பூட்டு வாங்கிப் போடுவான். இந்தக் குழப்பத்தால்தான் கூகுள் குரோம் 2023-இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. உங்கள் சுவரில் மட்டும் இன்னும் தொங்குகிறது.

என் கவுன்ட்டரில் நான் வேறு மாதிரி சொல்லிக் கொடுக்கிறேன். அதைக் கற்றுத் தந்தவரே அப்பாதான். தபால் பிரிப்பவர்கள் முகவரியைக் கீழிருந்து மேலே படிப்பார்களாம். முதலில் பின்கோடு, பிறகு ஊர், பிறகு தெரு, கடைசியில்தான் பெயர். 614601 என்று பார்த்ததுமே கை பட்டுக்கோட்டைப் பைக்குப் போய்விடும். உறையின் மேல் என்ன பெயர் இருந்தாலும் கவலையில்லை. இணைய முகவரியும் அப்படித்தான். டாட் காம், டாட் இன் என்று முடிகிற இடத்திலிருந்து இடப்பக்கமாக வர வேண்டும். முடிவுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் பெயர் யாருடையது என்பதுதான் ஊர். அதற்கும் முன்னால் உங்கள் வங்கியின் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். அப்பாவுக்கு வந்த போலி முகவரியும் உங்கள் பெயரில் தொடங்கி, ஒரு சிறு கோடு போட்டு, வேறு எங்கோ முடிந்தது. அப்படியானால் அவர் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். செல்பேசியில் மின்னஞ்சலைத் திறந்தால் அனுப்பியவரின் பெயர் மட்டும்தான் தெரிகிறது. முகவரியைப் பார்க்கப் பெயரைத் தொட்டு விரிக்க வேண்டும். உறையைக் கிழித்து எறிந்துவிட்டுக் கடிதத்தை மட்டும் கையில் கொடுப்பது மாதிரி.

எந்த மின்னஞ்சல் வந்தாலும் அதிலிருக்கும் பொத்தானைத் தொடாமல், நேராக வங்கியின் செயலியைத் திறந்தோ, முகவரியைத் தானே தட்டியோ உள்ளே போங்கள் என்றும் சொல்கிறேன். உண்மையாகவே கேஒய்சி பாக்கி இருந்தால் அங்கேயும் தெரியுமல்லவா என்பேன். உங்கள் செயலியில் தெரியவில்லை. செப்டம்பர் மாதம் அப்பாவின் செயலியைத் திறந்து காட்டச் சொன்னேன். கேஒய்சி பற்றி ஒரு வரியும் இல்லை, தங்க நகைக் கடன் விளம்பரம்தான் இருந்தது.

ஓடிபி குறுஞ்செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "புதிய பெறுநரைச் சேர்க்க" என்று அதில் எழுதியிருந்தது உண்மை. ஆங்கிலத்தில், எண்ணுக்குப் பிறகு, வரியின் கடைசியில். செல்பேசித் திரையின் மேலே எட்டிப் பார்த்து மறையும் துண்டில் அந்தப் பகுதி வருவதே இல்லை, ஆறு இலக்கம் மட்டும்தான் வருகிறது. அதுவே தமிழில், முதல் வரியில், "உங்கள் கணக்கிலிருந்து பணம் அனுப்ப ஒரு புதிய ஆளைச் சேர்க்கிறீர்கள்" என்று வந்திருந்தால் அப்பா அந்த எண்ணைக் கொடுத்திருக்க மாட்டார்.

இனி, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையை நீங்கள் படிக்காமல் இருக்க முடியாது. வாடிக்கையாளர் கவனக்குறைவால் விவரங்களைக் கொடுத்திருந்தால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு அவருடையது என்கிறது. உங்கள் ஆறு வரி அதோடு நின்றுவிட்டது. அடுத்த வாக்கியத்தையும் படியுங்கள்: தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும். எப்படித் தெரிவிப்பது என்பதையும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. எச்சரிக்கையாக வரும் குறுஞ்செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் அப்படியே பதில் அனுப்பித் தெரிவிக்க வசதி இருக்க வேண்டும், வாடிக்கையாளர் அதற்காக வேறு இணையப் பக்கத்தையோ முகவரியையோ தேடி அலையக் கூடாது. அந்தப் பதில் வந்த நாளும் நேரமும் பதிவாக வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையது.

அப்பா 10:47-க்குத் தெரிவித்தார். ரிசர்வ் வங்கி சொன்ன அதே வழியில், உங்கள் எச்சரிக்கைக்கே பதில் அனுப்பி. இரண்டாவது தொகை போனது 10:51. மூன்றாவது 10:56. அந்த இரண்டும் சேர்ந்து ₹1,12,500. பதில் வாங்காத ஒரு முகவரியிலிருந்து எச்சரிக்கை அனுப்பியது நீங்கள். அதன் விலையை அவர் தலையில் கட்டுவது நியாயமா?

கேஒய்சி விஷயத்திலும் இன்னொன்று. 2025 ஜூன் 12 அன்று ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தியது. புதுப்பிக்க வேண்டிய நாளுக்கு முன்னால் குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது தபாலில் போகும் கடிதமாக இருக்க வேண்டும் என்று. அதை அமலாக்க 2026 ஜனவரி 1 வரை உங்களுக்கு அவகாசம் இருந்தது, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் திருத்தம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரே ஒரு கடிதம் வீட்டுக்கு வந்திருந்தால் அப்பா அதை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிக் கிளைக்குப் போயிருப்பார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். விவரங்களில் மாற்றமில்லை என்றால் ஒரு சுய உறுதிமொழி போதும், பதிவு செய்த செல்பேசி எண்ணிலிருந்தோ கடிதமாகவோ கொடுக்கலாம் என்பதையும் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அந்த விஷயம் உங்கள் மின்னஞ்சலில் இல்லை. மிரட்டல் மட்டும் இருந்தது.

அடுத்து டாட் பேங்க் டாட் இன். இந்திய வங்கிகளுக்கு மட்டும் என்று தனி முகவரி முடிவு வரப்போகிறது என்று ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஏனென்றால் அது என் அப்பாவின் பின்கோடு. கடைசியில் அது இருந்தால் வங்கி, இல்லாவிட்டால் வேறு யாரோ என்று கவுன்ட்டரில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அக்டோபர் 31 கெடு. உங்கள் இணையதளம் மாறிவிட்டது, பார்த்தேன். மின்னஞ்சல்கள் மாறவில்லை. நவம்பர் 6 அன்று அப்பாவுக்கு வந்த கணக்கு அறிக்கை பழைய டாட் காம் முகவரியிலிருந்துதான் வந்தது. தளத்துக்கு ஒரு முகவரி, அஞ்சலுக்கு வேறொன்று. இப்போது நான் என் கவுன்ட்டரில் என்ன சொல்வது? டாட் பேங்க் டாட் இன் இல்லாவிட்டால் நம்பாதீர்கள் என்று சொன்னால் உங்கள் அசலையே நம்பாதே என்று சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் அந்த ஏற்பாட்டால் எந்தப் பயனும் இல்லை.

தூத்துக்குடி வழக்கு உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். 2007-இல் வெளிநாட்டில் வேலை செய்த ஒரு வாடிக்கையாளர், வங்கி அனுப்பியது போல வந்த மின்னஞ்சலை நம்பி விவரங்களைக் கொடுத்தார். பணம் போனது அதே வங்கியின் வேறு கிளையிலிருந்த ஒரு கணக்குக்கு. அந்த வங்கியும் வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றுதான் வாதிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்த தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் அதை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ₹12.85 லட்சம் கொடுக்க உத்தரவிட்டார். இந்தியாவில் இப்படி வந்த ஆரம்ப கால உத்தரவுகளில் அதுவும் ஒன்று. பதினைந்து வருடம் கழித்து, அதே மாநிலத்தில், அதே மாதிரி நடந்திருக்கிறது. உங்கள் பதிலும் அதே பதில்.

அந்தப் பெறுநர் கணக்கைப் பற்றி உங்கள் மின்னஞ்சலில் ஒரு சொல்கூட இல்லை. மோசடிப் பணத்தை வாங்குவதற்காக வாடகைக்கு விடப்படும் இப்படிப்பட்ட கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் மியூல்ஹன்டர் என்று ஒரு கருவியையே உருவாக்கி, 2024 டிசம்பரில் அறிவித்தது. பெயருக்குத் திறந்து கிடந்த ஒரு கணக்குக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று பெரிய தொகைகள் வருகின்றன, வந்ததும் வெளியேறுகின்றன. இந்தப் பக்கம் மருந்துக் கடைக்கும் மின்கட்டணத்துக்கும் தவிர நெட் பேங்கிங்கைத் தொடாத ஒரு பென்ஷன் கணக்கு. இரண்டு முனையும் உங்கள் கண் முன்னால்தான் இருந்தன. வேறு வங்கிக்குப் போயிருந்தாலாவது கையை விரிக்கலாம்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கோரிக்கைகளுக்கு வருகிறேன். அவர் முன்பெல்லாம் தெருவில் எல்லோருக்கும் மணியார்டர் படிவம் நிரப்பிக் கொடுப்பார், பேங்க் விஷயம் என்றால் அவரிடம்தான் வருவார்கள். இப்போது யாராவது செல்பேசியை நீட்டினால் "எனக்குத் தெரியாதுப்பா" என்று உள்ளே போய்விடுகிறார். பணம் போனதை விட அதுதான் என்னை அறுக்கிறது. திருடனிடம் ஏமாந்தவரைப் பார்த்து, இது உன் கவனக்குறைவு என்று எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். அவர் அதை நம்பிவிட்டார்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

10:47-க்குப் பிறகு போன ₹1,12,500-ஐ அப்பாவின் கணக்கில் வரவு வையுங்கள். நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் ₹38,000 விடுவிக்கப்படும்போது உரிய கணக்குப்படி சரிசெய்துகொள்ளலாம், அதற்கு எழுத்தில் சம்மதம் தருகிறோம். முதல் ₹49,500-ஐ நாங்கள் கேட்கவில்லை.

அக்டோபர் 27 பதிலைத் திரும்பப் பெறுங்கள். 10:47-க்கு வந்த மின்னஞ்சல் உங்கள் சர்வரில் எந்த நேரத்தில் பதிவானது, யார் பார்த்தார்கள், ஏன் கணக்கு நிறுத்தப்படவில்லை என்பதற்குத் தனித்தனியாக விளக்கம் தாருங்கள். பெறுநர் கணக்கு எப்போது, என்ன ஆவணங்களோடு திறக்கப்பட்டது என்ற விவரத்தைப் புலனாய்வு அதிகாரிக்குத் தாமதமில்லாமல் கொடுங்கள். இரண்டு முறை கேட்டும் வரவில்லை என்று எங்களிடம் சொன்னார்கள்.

உங்கள் எச்சரிக்கை மின்னஞ்சல்களுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் வாடிக்கையாளர் அனுப்பும் பதிலை ஏற்று, அந்த நொடியே கணக்கை நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். இது நான் புதிதாகக் கேட்கும் சலுகை இல்லை. 2017-லேயே போட்ட விதி. தொலைபேசியில் மோசடியைத் தெரிவிக்க முதல் மெனுவிலேயே ஒரு எண் இருக்கட்டும், அதற்கு முன்னால் கடன் விளம்பரம் வேண்டாம்.

வாடிக்கையாளருக்குப் போகும் எல்லா மின்னஞ்சலும் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் ஒரே முகவரியிலிருந்து போகட்டும். கேஒய்சி, கடவுச்சொல், கணக்கு முடக்கம் சம்பந்தப்பட்ட எதிலும் பொத்தானோ இணைப்போ வேண்டாம். "எங்கள் செயலியைத் திறந்து பாருங்கள், அல்லது கிளைக்கு வாருங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். செயலியில் அந்தச் செய்தி உண்மையாகவே இருக்கட்டும். "எங்கள் மின்னஞ்சலில் இணைப்பு இருக்காது, இருந்தால் அது நாங்கள் அனுப்பியதில்லை" என்று நீங்கள் சொல்லும்படி ஆகிவிட்டால், என் கவுன்ட்டருக்கு வரும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாட்டிக்குக்கூட அது போதும்.

கேஒய்சி அறிவிப்புக் கடிதத்தைத் தமிழில், தபாலில் அனுப்புங்கள். ஓடிபி எதற்காக என்பதை எண்ணுக்கு முன்னால், வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மொழியில் போடுங்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் கணக்கில் புதிய பெறுநரைச் சேர்த்தால் 24 மணி நேரம் கழித்தே பணம் போகும்படி ஒரு தேர்வைக் கொடுங்கள். எங்கள் கணக்கில் அதை முதலில் போட்டுக்கொள்ள நாங்கள் தயார். கிளைச் சுவரில் இருக்கும் பூட்டுப் படத்தைக் கழற்றிவிட்டு, அங்கே 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவோம். தேவைப்பட்டால் தூத்துக்குடிக்காரர் போன வழியிலும் போவோம். ஆவணங்கள் எல்லாம் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் பதில் தமிழில், அதிகாரி ஒருவரின் பெயரும் கையொப்பமும் போட்டு, ஸ்பீடு போஸ்ட்டில் வரட்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் அப்பா திறக்க மாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள்,
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்